சாமி மேல் சந்தேகம் வந்தால்: கொங்கு நாட்டில் பக்திக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாமி கும்பிட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆன எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். பிரதோஷம் தவறாமல் போயிருப்பார்கள், விரதம் இருந்திருப்பார்கள், பழநிக்குக் கால் கொப்பளிக்க நடந்திருப்பார்கள். அப்படியும் பனியன் கம்பெனி ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கும், போர் போட்ட இடத்தில் வெறும் புழுதி பறந்திருக்கும், வீட்டில் ஒருத்தர் படுக்கையில் விழுந்திருப்பார். ராத்திரி தூக்கம் பிடிக்காமல் புரளும்போது "நம்ம மேல சாமிக்கு அக்கறை இருக்குதா, இல்லியா?" என்று ஒரு கேள்வி எழும். அப்படிக் கேட்டதே பாவமோ என்று அடுத்த நிமிடம் ஒரு பயமும் வரும்.

அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பழகியது சிவன் கோயிலும் தேவாரமும். அதனால் அந்த வழியில் சொல்கிறேன். பெருமாளையோ மாரியம்மனையோ குலசாமியையோ கும்பிடுகிறவர்கள் தங்கள் சாமி பேரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம். தேவாரம் பாடப்பெற்ற கொங்குத் தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடல். நம் வேலைக்கு இவற்றில் நான்கு போதும். சந்தேகப்பட்டவர்களும் சண்டை போட்டவர்களும் நமக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றிருக்கிறார்கள்.

முதலில், எந்தச் சந்தேகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சாமி என்று ஒன்று உண்டா என்பது ஒரு கேள்வி. இருக்கிற சாமிக்கு என் மேல் பிரியம் உண்டா என்பது இன்னொன்று. நான் செய்த தப்புக்குத்தான் இப்படி அடிக்கிறாரோ என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே வெசனமாகச் சுருண்டு கிடக்கும். ஒரு தாளை எடுத்து, மனதில் ஓடுகிற வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். "எனக்கு நம்பிக்கை போச்சு" என்று சொல்கிற பத்துப் பேரில் முக்கால்வாசிப் பேர் எழுதிப் பார்த்தால் "என்னைக் கைவிட்டுட்டான்" என்றுதான் எழுதியிருப்பார்கள். அதாவது, ஆள் இருக்கிறான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை, கோபம்தான்.

உண்மையிலேயே முதல் கேள்விதான் உங்களுடையது என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள், படியுங்கள், வாதாடுங்கள். ஈரோட்டில் பெரியார் பிறந்த மண் இது; அந்தக் கேள்வியை இங்கே யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இந்தக் கட்டுரை உதவாது. இது மற்ற இரண்டு கேள்விகளுக்கானது.

அன்பைச் சோதிக்கப் பூவாக்குக் கேட்காதீர்கள்

நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் பூவாக்கு. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்து, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. கல்யாணம், நிலம் வாங்குவது, கிணறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் இது உண்டு. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் கனவில் சாமி சொன்ன பொருளைக்கூடப் பூப்போட்டுக் கேட்ட பிறகுதான் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். இந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு வழியில் எதில் போவது என்று திகைக்கிறவருக்கு அது ஒரு பிடிமானம்.

ஆனால் "என் மேல் உனக்குப் பிரியம் இருந்தால் வெள்ளை வரட்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். செவப்பு வந்தால் மனசு உடைந்துவிடும். வெள்ளை வந்தாலோ, "ஒருவேளை தற்செயலா வந்திருக்குமோ?" என்று மறுபடியும் மடிக்கத் தோன்றும். பெற்ற தாயிடம் தினமும் காலையில் திருவுளச்சீட்டுப் போட்டு "இன்னைக்கு என்னைப் புடிக்குமா?" என்று கேட்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள், அந்த வீட்டில் சோறு இறங்குமா? பல்லி கத்துகிற திசை, தேங்காய் உடைந்த வாகு, தீபாராதனை நேரத்தில் கரண்ட் போனது எல்லாம் இதே கணக்குத்தான். சந்தேகம் ஓயும்வரை இந்தச் சோதனைகளை நிறுத்திவையுங்கள். கல்யாணத்துக்கும் கிணற்றுக்கும் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முருகன்பூண்டிக்குப் போய்ச் சண்டை போடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. புதிதாக வந்தவர்கள் தட்டிக்கழிக்கிற படியும் இதுதான். சாமியிடம் மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்று நினைத்து, கோபத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு நாள் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். திட்டிவிட்டு அடுத்த வாரமும் வருகிறவர்கள் எவ்வளவோ மேல்.

திருமுருகன்பூண்டி, திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற வழியிலேயே இருக்கிறது. ரோட்டோரம் சிலை வடிக்கிற பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்னால், தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரமூர்த்தி நாயனார் (சுந்தரர்) இந்த வழியாக வந்தார். அவருடைய நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னும் துணிமணியும் ஆட்கள் தலையில் முன்னே போக, இவர் பின்னே வந்தார். பூண்டி அருகே வேடர்கள் மறித்து அத்தனையையும் பறித்துக்கொண்டார்கள். வேடராக வந்தது சிவனின் பூதகணங்கள், அனுப்பியது சிவனேதான் என்கிறது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம்.

பறிகொடுத்தவர் என்ன செய்தார்? நேராகக் கோயிலுக்குள் போய் ஒரு பதிகம், அதாவது பத்துப் பாட்டு, பாடினார். தோத்திரம் என்று நினைத்துப் படித்தால் தூக்கிவாரிப் போடும். வில்லை வைத்துக்கொண்டு வழிப்போக்கரைக் குத்திக் கூறை பறிக்கிற ஊர் இது என்று ஊரைத் திட்டுகிறார். அப்படிப்பட்ட ஊரில் பெண்டாட்டியோடு குடியிருக்கிற சிவனைப் பார்த்து "எத்துக்கு இங்கு இருந்தீர் எம்பிரானீரே" என்று கேட்கிறார். ஒரு பாட்டில் இன்னும் ஒருபடி மேலே போய், "முடவர் அல்லீர்" என்கிறார். கால் நன்றாகத்தானே இருக்கிறது, ஏறிப்போக எருதும் இருக்கிறது, பின்னே எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறீர்? இது சைவப் பாட்டுத் தொகுப்பான திருமுறையில், ஏழாவதில் இருக்கிறது. நாத்திகர் மேடையில் பேசியது அன்று. ஓதுவார்கள் சன்னதியில் நின்று பண்ணோடு ஓதுகிற பாட்டு. பறிபோன பொருளெல்லாம் கோயில் வாசலில் வந்து குவிந்தது என்று கதை முடிகிறது. எனக்கு அந்த முடிவைவிட, இவ்வளவு காரமான பதிகத்தை வெட்டாமல் திருமுறையில் வைத்துக் காப்பாற்றினார்களே, அதுதான் பெரிய ஆறுதல்.

எப்படிச் சண்டை போடுவது? அந்தக் கோயிலிலேயே ஒரு அம்மாவைப் பார்த்தேன். கையில் வயர்கூடை, காலில் வெடிப்பு. நந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஐயர் காதில் விழுமே என்ற கவலையில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். "ஏனப்பா, நானென்ன உன்ற தோட்டத்து வரப்பையா வெட்டிப்போட்டேன்? பையனுக்கு இப்புடிப் பண்ணிப்போட்டயே. கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தார். பிறகு விளக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் பத்தாதாட்ட இருக்குது. நாளைக்குக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்ய வேண்டியது அவ்வளவுதான். கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போங்கள். பிரதோஷத்தன்று வேண்டாம், நெரிசலில் ஒரு வார்த்தை பேச முடியாது. சாதாரண நாளில் நடை திறந்த கையோடு போனால் நல்லது. சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முன்னால் எழுதி வைத்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் போதும், ஆனால் உதடு அசைய வேண்டும். மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டால் பாதியில் வேறு யோசனைக்குப் போய்விடும். எது நடந்தது, எது வலிக்கிறது, என்ன வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். அர்ச்சனைத் தட்டு கட்டாயமில்லை.

இப்படிப் பேசினால் சாமி குற்றம் ஆகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு சாட்சி. இது கொங்கில் நடந்ததில்லை, திருவாரூரில் நடந்தது. திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு வந்ததால் சுந்தரருக்குப் பார்வை போயிற்று. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மற்றதைக் கேட்டுத் திருவாரூரில் பாடும்போது, உமக்கே ஆளாகி வேறு யாரையும் வேண்டாமல் இருக்கிற அடியார் தங்கள் அல்லலைச் சொன்னால் சும்மா இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்கிறார். நீங்களாவது நல்லா இருங்க என்று நாம் கசந்து சொல்வோமே, அதேதான். அந்தப் பதிகம் எந்த வார்த்தையில் தொடங்குகிறது தெரியுமா? "மீளா அடிமை." போகவே மாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் திட்டத் தொடங்குகிறார்.

அவிநாசிக் கதையை நிதானமாகக் கையாளுங்கள்

பூண்டியிலிருந்து அவிநாசி கூப்பிடு தூரம். பழைய பேர் திருப்புக்கொளியூர். அங்கே சுந்தரர் ஒரு தெருவில் போகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகுரல். என்னவென்று விசாரிக்கிறார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஐந்து வயதில் ஒன்றாக மடுவில் குளிக்கப் போனார்கள்; ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பிய பிள்ளைக்கு இன்றைக்குப் பூணூல். சுந்தரர் குளக்கரையில் நின்று பாடுகிறார். நான்காவது பாட்டில் "முதலையைப் பிள்ளை தரச் சொல்லு காலனையே" என்றதும் முதலை வந்து பிள்ளையைக் கரையில் விடுகிறது, இடையில் போன வருஷங்களின் வளர்த்தியோடு.

அவிநாசியில் இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் திரும்ப முடியாது. புதியவர்களுக்கு இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. "சுந்தரர் நம்பினார், பிள்ளை வந்தது. எனக்கு வரவில்லை, அப்படியானால் என் நம்பிக்கை பத்தாது" என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கதையைத் திரும்பப் படியுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன் யாரும் நம்பிக்கையின் பலத்தால் எதையும் சாதிக்கவில்லை. வருஷக்கணக்காக அழுதார்கள். சுந்தரர் வந்திருக்கிறார் என்றதும் அழுகையை மறைத்துக்கொண்டு ஓடிவந்து கும்பிட்டார்கள். அவர்கள் எதையும் கேட்கக்கூட இல்லை. கேட்டது சுந்தரர். மதிப்பெண் போட்டுக் கொடுத்த பரிசாக அந்தக் கதையில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். அவர்கள் பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. எழவு வீட்டில் செய்யத் தக்கது பக்கத்தில் உட்காருவது, வந்த ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரர்களுக்கு, காப்பி கலந்து கொடுப்பது. அம்மன் பேர் இந்தக் கோயிலில் கருணாம்பிகை. உங்கள் சொந்த இழப்போடு போகிறவர்கள் கதையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சன்னதியில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அழுகை வந்தால் அழலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"எல்லாம் உன் கர்மா" என்கிறவர்களுக்குத் திருச்செங்கோட்டில் பதில் இருக்கிறது

மூன்றாவது சந்தேகம், அடிக்கிறாரோ என்பது. பெரும்பாலும் இது நமக்குத் தானாகத் தோன்றுவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, "போன சென்மத்துல என்ன பண்ணுனீங்களோ" என்று வைத்துவிட்டுப் போவார்கள்.

தேவார மூவரில் இன்னொருவரான திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்தபோது, கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. இங்கே பனிக்காலத்தில் அது சகஜம் என்று பேசிக்கொண்டார்கள். சம்பந்தர் திருச்செங்கோட்டில் பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் முதல் இரண்டு அடி எனக்கு மிகவும் பிடித்தவை: "அவ்வினைக்கு இவ்வினை ஆம் என்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே." அந்த வினைக்கு இந்தப் பலன் என்று பேசத் தெரிகிறது உங்களுக்கு, பிழைக்கிற வழியைத் தேடாமல் இருப்பது குறைதானே என்று கேட்கிறார். வினை என்று ஒன்றில்லை என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொண்டே கை கட்டி உட்காராதே என்கிறார். அடுத்த பாட்டிலேயே சோலை வைப்பதையும் குளம் தோண்டுவதையும் பேசுகிறார்.

ஆகவே இந்தப் படிக்குக் கை வேலை வேண்டும். கோயில்களில் புல் செதுக்கிச் சுத்தம் செய்கிற உழவாரப் பணிக் குழுக்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். அநேகமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு பழைய கோயிலில் வேலை நடக்கும். பக்கத்துச் சிவன் கோயிலில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பழைய லுங்கி அல்லது சுடிதார், ஒரு துண்டு, தண்ணீர்ப் பாட்டில், முடிந்தால் சொந்தமாக ஒரு களைக்கொத்து கொண்டுபோங்கள். முதல் நாள் உங்களுக்குப் பிரகாரத்து நெருஞ்சியைத்தான் கொடுப்பார்கள். பூ மஞ்சளாகப் பார்க்க அழகாக இருக்கும். வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்பப் படர்ந்துவிடும். முள் செருப்பில் ஏறும், செருப்பைத்தான் வெளியே விட்டுவிட்டீர்களே, காலில் ஏறும். விளக்குப் பிசுக்கைத் தேய்ப்பதற்குப் புளியும் சாம்பலும் கொடுப்பார்கள். யாரும் உங்களிடம் நம்பிக்கை எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். "அந்தக் கூடையை இப்புடித் தள்ளுங்" என்பதுதான் அங்கே பேச்சு. தலைக்குள் ஓடுகிற விசாரணை ஓய்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோயில் பிடிக்கவில்லையா, குளம் தூர்வாருகிற குழுக்களோடு போங்கள். "குளம் பல தொட்டும்" என்பதும் அதே பதிகம்தான்.

வாய் வராத நாளுக்குக் கொடுமுடிப் பாட்டு

சண்டை போடக்கூடத் தெம்பில்லாத நாள் வரும். கோபமும் இருக்காது, அழுகையும் இருக்காது, வறண்டு கிடக்கும். கோபத்தைவிட இதற்குத்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்: "ஒண்ணுமே தோணலீங்க, எல்லாம் போயிருச்சாட்ட இருக்குது."

கொடுமுடி, ஈரோடு–கரூர் ரயில் பாதையில் காவிரிக் கரையில் இருக்கிறது. பழநிக்குத் தீர்த்தக்காவடி எடுக்கிறவர்கள் தண்ணீர் முகக்கும் ஊர். அங்கே சுந்தரர் பாடிய பதிகத்தில் கடைசிப் பாட்டு தவிரப் பாட்டுக்குப் பாட்டு ஒரே முடிவு: "உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே." நான் மறந்தாலும் என் நாக்கு சொல்லிக்கொண்டிருக்கும். மறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிற ஆள் இல்லை இவர். தான் மறக்கக்கூடியவன் என்று தெரிந்து, அதற்கும் சேர்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்கிறார்.

நீங்களும் அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். மனசு நன்றாக இருக்கும் நாட்களிலேயே "மற்றுப் பற்றெனக் கின்றி" என்று தொடங்குகிற முதல் பாட்டை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பத்தையும் எடுத்துப் பாதியில் விடுவதைவிட ஒன்று போதும். பழம்பஞ்சுரப் பண்ணில் ஓதுவார் பாடிய பதிவைப் போனில் வைத்துக் கேட்டால் நாலு நாளில் வந்துவிடும். பிறகு அதை ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்: வாசல் தெளிக்கும்போது, பைக்கைக் கிளப்பும்போது, தறியில் பாவு பிணைக்கும்போது, ஷிப்ட் பஸ்ஸில் சீட் கிடைத்தவுடன். உணர்ச்சி வருகிறதா என்று பார்க்காதீர்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் நாக்கு சொல்லிவிட்டுப் போகட்டும். தேவாரம் ஒத்துவராதவர்கள் தங்கள் ஆத்தா சொல்லிக்கொண்டிருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளலாம். "எல்லாம் அவன் பாத்துக்குவான்" என்பதுகூடப் போதும்.

பாட்டோடு பழகிய பிறகு விருப்பமிருந்தால் திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பத்தை எடுங்கள். 50 பாட்டும் என்னை விட்டுவிடாதே என்ற ஒரே கெஞ்சல். கடைசிக்கு நெருங்கும்போது, விட்டால் உன்னைப் பித்தன் என்று சொல்லி ஊர் சிரிக்க வைப்பேன் என்று மாணிக்கவாசகர் மிரட்டவும் செய்கிறார். கெஞ்சல் பலிக்காதபோது மிரட்டல், நம் வீட்டுப் பிள்ளைகள் செய்வதுதான்.

யாரிடம் பேசலாம், யாரிடம் வேண்டாம்

உங்கள் சந்தேகத்தைக் கேட்டவுடன் விலைப்பட்டியல் நீட்டுகிறவர்களிடம் பேசாதீர்கள். கொடுமுடியில் ராகு கேது பரிகாரம், அமாவாசைத் திதி என்று பல காரியங்களுக்கு ஜனம் வருகிறது. உங்கள் குடும்ப வழக்கமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். "இதைச் செய்யாததால்தான் சாமி உங்களைக் கைவிட்டார்" என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கடன் வாங்கிப் பரிகாரம் செய்யவே கூடாது.

வயதான ஓதுவார்கள் நல்ல துணை. அர்ச்சனை நேரம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது போய், "இந்தப் பாட்டை ஒருக்கா சொல்லித் தாங்க" என்று கேளுங்கள். பாட்டில் தொடங்கும் பேச்சு, கேட்க வந்த கேள்விக்குத் தானாக வந்து சேரும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போகலாமா என்று யோசனை வருகிறது என்றால் அதைப் பக்திக் குறைவு என்று நினைத்துக்கொண்டு விரதத்தைக் கூட்டாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. மனசு சரியில்லாதவர்களை முருகன்பூண்டிக்குக் கூட்டிவந்து தீர்த்தம் ஆட்டுகிற வழக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. தாராளமாகக் கூட்டிவாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாமல்.

நான்கு ஊரையும் ஒரே நாளில் சுற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றலாம், வேன் வைத்துச் சுற்றுகிறார்கள். உங்களுக்கு வேண்டாம். பூண்டியும் அவிநாசியும் ஒரு நாள் காலை. மத்தியானம் நடை சாத்துவதற்குள் இரண்டும் முடியும். செங்கோட்டுக்கு இன்னொரு நாள், படியில் ஏறுவதானால் வெயிலுக்கு முன்னால். கொடுமுடிக்கு அமாவாசையும் ஆடிப்பெருக்கும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, ஈரோட்டிலிருந்து ரயிலில் போங்கள். முதல் பாட்டை மனப்பாடம் செய்யாதவர்கள் போகிற வழியிலேயே செய்துகொள்ளலாம்.